என் வலது முழங்கையும் தாய்மாமன் உரிமையும்

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.
25.7.1999, ஞாயிறு

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை நாகேஷ் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் பக்தவச்சலம் வணக்கத்துடனும், பிறர் உதவி ஏதுமின்றியும், சொந்த வலது கையாலேயே எழுதிக்கொள்ளும் கடிதம். இவ்விடம் நானும் வேலம்மாளும் என் முழங்கையும் நலம். அவ்விடம் தாங்களும் தங்கை ரத்தினம்மாவும் கல்யாணப் பெண் ஷைலஜாவும் அதேபோல நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெங்களூரில் மழை உண்டா? இங்கே மேகம் வந்தது, தங்கவயலை ஒரு பார்வை பார்த்தது, பிடிக்காமல் பங்காரப்பேட்டைப் பக்கம் போய்விட்டது. மரியாதைகள் இத்துடன் முடிந்தன. இனிமேல் சண்டை.

தங்கள் இன்லண்ட் கடிதம் கிடைத்தது. ஆவணிக் கல்யாணத்தில் பெண்ணை அறையிலிருந்து மணவறைக்குத் தூக்கி வருவதற்கு, 'தங்கள் கை இருக்கும் நிலையை முன்னிட்டு' மாணிக்கராஜை ஏற்பாடு செய்யலாமா என்று மயிலிறகால் தடவுவது போல் கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, தடவிய இடத்தில் ரத்தம் வந்துவிட்டது. தாய்மாமன் தூக்கி வராமல் நம் வீட்டுப் பெண் எவளும் மணவறை ஏறியதில்லை. மாணிக்கராஜ் என் சித்தப்பா மகன், முறைக்கு அவனும் தாய்மாமன்தான், மறுக்கவில்லை. இங்கே கோரமண்டல் பகுதியில் தினம் காலையில் பனியனோடு வாசலில் நின்று தண்டால் எடுக்கிறான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஷைலஜாவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டிருந்தது யார்? அவள் கடித்த தழும்பு யார் தோளில் இருக்கிறது? எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரே தங்கையின் ஒரே பெண். இந்த ஒரு தூக்குத்தான் என் பேரில் எழுதியிருக்கிறது. அதையும் பனியன்காரனுக்குப் பட்டா மாற்றினால் எப்படி? ஆகவே என் கை எப்படிக் கெட்டது, எப்படித் தேறியது, இப்போது எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை விலாவாரியாக எழுதுகிறேன். காபி குடித்துவிட்டு உட்காருங்கள்.

நான் வேலை பார்க்கும் பர்னபாஸ் ஒர்க்‌ஷாப், பெரிய மிஷின்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்து பூட்டிக் கொடுக்கும் இடம் என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே முக்கால்வாசி வருஷம் டீயும் அரசியலும்தான். பிப்ரவரி பிறந்ததும் முதலாளி பர்னபாஸ் அண்ணனுக்கு மார்ச்சோடு வருஷக் கணக்கு முடிகிறது என்ற ஞானோதயம் உண்டாகும். உடனே ஓவர்டைம். இந்த மார்ச்சில் நான் ஸ்பானரைப் பிடித்த பிடியை விடவில்லை. பூட்டு, திருப்பு, இறுக்கு. பூட்டு, திருப்பு, இறுக்கு. தூக்கத்திலும் கை திரும்புகிறது என்று வேலம்மாள் தலையணையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கடைசி லாரி கிளம்பியதும் எனக்கு ஒரு மாலை போடாத குறை. மறுநாள் காலை டீ டம்ளரைத் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு இருக்கிறதே, அங்கே சுரீர் என்று ஒரு மின்சாரம். டம்ளர் தரையில், டீ என் மடியில். அதிசயம் என்னவென்றால் மாப்பிள்ளை, தோளில் ஒரு மூட்டையை ஏற்றினால் வலிக்கவில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கினால் உயிர் போகிறது. பூட்டைத் திறக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. எதிர்வீட்டுக் கல்யாண வரவேற்பில் ஒருவர் அன்போடு கைகுலுக்கினார், நான் அழுததைப் பார்த்து என்னைப் பெண்ணின் அப்பா என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

பர்னபாஸ் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். அந்தக் காலத்துச் சட்டம்தான் இவருக்கும் தெரியும்: அடிபட்ட ஆளுக்கு லைட் டூட்டி.

"இன்னா வாத்தியாரே, கை நோவா? ஸ்பானர தொடாத. ஒனக்கு லைட் டூட்டி குடுக்கறேன், ராஜா மாதிரி குந்திக்கினு செய்யி" என்றார்.

ராஜா மாதிரி ஸ்டூலில் உட்கார வைத்தார். லைட் டூட்டி என்னவென்றால், முடிந்த பாகம் ஒவ்வொன்றிலும் நம்பர் அச்சை வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். சுத்தியல் லைட்தான், பொய் சொல்லக்கூடாது. பாகங்கள்தான் கணக்கில்லை. நாள் முழுக்கத் தட்டியதில், முன்பு தூக்கும்போது மட்டும் வலித்த கை இப்போது தட்டாதபோதும் வலிக்கத் தொடங்கியது. அதைச் சொன்னபோது பர்னபாஸ் அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டு, இன்னும் சின்னதாக ஒரு சுத்தியல் வாங்கிக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுச் சின்னசாமி, சுரங்கத்தில் பென்ஷன் வாங்கிய பெரியவர், என்னைப் பூதிகோட்டை நாட்டு வைத்தியரிடம் அழைத்துப்போய்க் கட்டுப் போடவைத்தார். முட்டையின் வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்து, தோளிலிருந்து விரல் வரை மூங்கில் தப்பை வைத்து ஒரு கட்டு. 'கையை அசைத்தால் நான் பொறுப்பில்லை' என்று கட்டியவர் சொல்லிவிட்டார். அசைப்பதாவது! கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போதே உட்கார இடம் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவை. தெருவில் இறங்கினால், நேற்றுவரை 'நடிப்பு' என்று சொன்னவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். நம் ஊர் விஷயம் தங்களுக்குத் தெரியாததா? அடிபட்டவர்களைச் சுரங்கத்திலிருந்து கேஜ் லிஃப்டில் மேலே ஏற்றிக் கொண்டுவந்த ஊர் இது. கை கழுத்தில் தொங்கினால்தான் காயம். சும்மா இரண்டு பக்கமும் தொங்கினால் அது சோம்பேறித்தனம். கட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ரொட்டி எல்லாம் வந்தன. முட்டை வாசனைக்கு ஒரு பூனையும் வந்தது. நான் போகும் இடமெல்லாம் கட்டையே பார்த்துக்கொண்டு கூடவே நடக்கும். அந்தக் கோலத்தில்தான் மாணிக்கராஜ் என்னைப் பார்த்தான். 'அண்ணன் கை போச்சு, பூனைதான் காவல்' என்று தங்களுக்கு அவன் எஸ்.டி.டி. போட்டது அன்றைக்கு மாலைதான் என்று யூகிக்கிறேன்.

கட்டை அவிழ்த்தபோது வலி கொஞ்சம் குறைந்திருந்தது, சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் சோப்பு டப்பாவைத் தூக்கும்வரை நிலைத்தது. கை மெலிந்து, பலமில்லாமல், பழைய இடத்தில் பழைய சுரீர். அப்புறம்தான் வேலம்மாள் என் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகப் பங்காரப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே சுமா என்று ஒரு கன்னடப் பெண், பிசியோதெரபி படித்தவள், கிளினிக் வைத்திருக்கிறாள். ஊருக்குள் போகிறோமே, நாலு பேர் பார்ப்பார்களே என்று நான் வெறுங்கையைத் துண்டால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் போனேன்.

"ஏன் ஸார், கையை யாரு இப்படிப் பார்சல் பண்ணினது?" என்றாள் எடுத்த எடுப்பில்.

துண்டைக் கழற்றி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அவள் மேலிருந்து ஸ்வல்பம்தான் அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தை விசில் என்று நினைத்து மாரிக்குப்பம் ரயில் கிளம்பிவிட்டதாக வெளியே பேசிக்கொண்டார்கள்.

"இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு ஸார்."

"அம்மா, நான் டென்னிஸ் பேட்டைத் தொட்டதே இல்லை."

"பேருதான் அது. ஸ்பானர் புடிக்கிறவங்க, துணி பிழியறவங்க, பெயிண்ட் அடிக்கிறவங்க எல்லாருக்கும் வரும். மணிக்கட்டைத் தூக்குற சதை எல்லாம் ஒரே நாராகி இந்த எலும்பு மொட்டுல வந்து ஒட்டுது. நீங்க கெட்டியா புடிச்சுத் திருப்புறப்ப எல்லாம் அந்த நார்தான் இழுபடுது. வேலை செய்யறது மணிக்கட்டு, வலிக்கறது முழங்கை."

மாப்பிள்ளை, ஒன்றரை மாசமாக நாங்கள் முழங்கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்!

ஊசி போட்டால் உடனே போய்விடும் என்று ஒரு டாக்டர் சொன்னாரே என்று கேட்டேன். போகும் ஸார், ஆனால் நிறைய பேருக்குத் திரும்பி வந்துவிடும் என்றாள். ஓய்வு கொடுக்கத்தானே கட்டினோம் என்றேன். வலி கிளப்பும் வேலையைக் குறைப்பதுதான் ஓய்வு, கையையே மூட்டை கட்டிப் போடுவது ஓய்வில்லை, நார் இன்னும் பலவீனமாகிவிடும் என்றாள். எத்தனை நாளில் சரியாகும் என்றேன்.

"நாளா? மாசம்னு கேளுங்க. நாரு கோவிச்சுக்கிட்டா சீக்கிரம் சமாதானம் ஆகாது."

"ஆவணியில பொண்ணத் தூக்கணுமே!"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். வேலம்மாள் தலையிட்டு, தங்கச்சி மக, கல்யாணம், எங்க வழக்கம் என்று விளக்கினாள்.

"எவ்வளவு வெயிட்டு?"

"பூ மாதிரி" என்றேன் நான்.

"பூ கணக்கு வேணாம் ஸார், கிலோ கணக்கு சொல்லுங்க."

வேலம்மாள் சொன்னாள். ஷைலஜாவின் கௌரவத்தை முன்னிட்டு அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. சுமா யோசித்துவிட்டு, "தூக்கலாம். ஆனா இன்னிலேர்ந்து நான் சொல்றத கேக்கணும்" என்றாள். அந்தத் 'தூக்கலாம்' என்ற சொல்லைத் தாங்கள் அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

அன்றைக்கு ஆரம்பித்தது பயிற்சி. முன்கையை மேசைமேல் படுக்க வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை தரையைப் பார்க்க, கையில் அரை கிலோ துவரம்பருப்புப் பொட்டலம். இடது கையால் வலது கையை மேலே ஏற்றிவிட வேண்டும். பிறகு இடதை எடுத்துவிட்டு, வலதை மெல்ல, மெல்ல, கோபத்தில் இருக்கும் சம்பந்தியைச் சமாதானப்படுத்துவது போல் கீழே இறக்க வேண்டும். மருந்து ஏற்றுவதில் இல்லை, இறக்குவதில் இருக்கிறது. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை, வேலை நேரத்தில் மட்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும், சாமான் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பானர் பிடிக்குச் சைக்கிள் ட்யூப் சுற்றிப் பருமனாக்கு, இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நான் கழுத்துத் துண்டோடு லைட் டூட்டி ஆசாமி. கட்டோடு போன என்னை இரக்கப்பட்டுத் தட்டவிடாமல் கேட் பக்கம் உட்கார வைத்திருந்தார் பர்னபாஸ் அண்ணன். துண்டை எடுத்தால் மறுபடி சுத்தியல்தானே? ஆகவே வெளியே ஊனம், வீட்டுக்குள்ளே உடற்பயிற்சி என்று ஒரு இரட்டை வாழ்க்கை. சின்ன வீடு வைத்திருப்பவன்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பருப்பைத் தொடுவேன்.

பருப்பு ஒரு கிலோவாயிற்று, மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவாயிற்று. பிறகு சுமா, அரிசிச் சிப்பத்தை மார்போடு அணைத்துத் தூக்க அனுமதி கொடுத்தாள். சிப்பம் சரி, ஆனால் அது சிரிக்காது, புடவை கட்டாது. அசல் ஒத்திகை வேண்டுமே! வேலம்மாளைத் தூக்கினேன்.

"இன்னாங்க இது, வயசு காலத்துல! எறக்குங்க!"

"பேசாதே. உள்ளங்கை மேலே பார்க்குதா பார்."

"உள்ளங்கை எங்க கீதுன்னே தெரியலியே. தூக்கறதுக்கு முன்னாடி மாட்டு வண்டிக்காரன் மாதிரி மூச்ச இழுக்கறீங்க பாருங்க, அதான் எனக்கு அவமானம்."

சமையலறையிலிருந்து கூடம் வரை ஒரு நடை, வலி இல்லை. திரும்பினால், அன்றைக்கு ஜன்னல் சாத்த மறந்திருக்கிறேன். கறிவேப்பிலை கேட்டு வந்த கங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் தெருவுக்குத் தினசரி வருவதற்கு முன்பே கங்கம்மா வந்துவிடுவாள்.

"அண்ணிக்கு இன்னா ஆச்சு? தூக்கினு போறீங்க?"

ஒத்திகை என்று சொன்னால் என் கை குணமான செய்தி பொழுது சாய்வதற்குள் பர்னபாஸ் அண்ணனுக்குப் போய்விடும். எனவே, "ஒண்ணுமில்ல கங்கம்மா, உடம்பு கொஞ்சம் ஒரு மாதிரி. நடக்க வேணாம்னு சொல்லிக்கீறாங்க" என்றேன்.

"ஒரு மாதிரின்னா?" என்று கேட்ட கங்கம்மாவின் முகத்தில் சூரியன் உதித்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

மாலையில் மாங்காய் வந்தது. அப்புறம் புளிச்சாதம். வளையல் வாங்கட்டுமா என்று ஒருத்தி. மூலைவீட்டு வெங்கடம்மா உட்கார்ந்து, "நாப்பத்தஞ்சு வயசு ஒரு வயசா? எங்க பெரியம்மா அம்பதுல பெத்தாங்க" என்று புள்ளிவிவரம் கொடுத்தாள். தெரு ஆண்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு புது மரியாதை. நான் வியர்த்துப் போய், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று உள்ளே வந்து கேட்டேன். "மாங்கா தீரட்டும்" என்றாள் வேலம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் தெருவுக்கெல்லாம் இவள்தான் மாங்காய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், இவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. எனக்கும் அதற்குமேல் அவசரப்படுத்தத் தோன்றவில்லை. மாங்காய் தீர்ந்ததும் அவளே வாசலில் நின்று, "எங்க ஷைலஜா கல்யாணத்துக்கு ஒத்திகைம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று கங்கம்மாவிடம் சொல்லி முடித்தாள். ரத்தினம்மாவின் காதுக்கு ஏதாவது வந்திருந்தால் அது இதுதான், வேறு விசேஷமில்லை என்று சொல்லவும்.

எதிர்பார்த்தபடியே செய்தி ஒர்க்‌ஷாப்புக்கும் போயிற்று. பர்னபாஸ் அண்ணன் கூப்பிட்டார். நான் துண்டைக் கழற்றிவிட்டு, டென்னிஸ் எல்போ என்ற பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.

"வேல நேரத்துல டென்னிஸ் வேற ஆடினியா நீ?" என்றார்.

பிறகு முழுவதும் கேட்டார். நல்ல மனிதர், சொன்னால் புரியும், சொல்லத்தான் எனக்கு மூன்று மாசம் பிடித்தது. சுத்தியலைப் பிடுங்கி வைத்துவிட்டார். இப்போது கொஞ்ச நேரம் ஸ்பானர், கொஞ்ச நேரம் சோதனை வேலை என்று ஆள் மாற்றி ஆள் செய்கிறோம். ஸ்பானர்களுக்கெல்லாம் ட்யூப் சுற்றியாயிற்று. டம்ளர் விழுவதில்லை. துணியை வேலம்மாளே பிழிகிறாள், ஆனால் அது வலியால் இல்லை, பழக்கத்தால்.

ஆகவே மாப்பிள்ளை, சகல சாட்சியங்களின்படியும் என் முழங்கை ஷைலஜாவுக்குத் தயார். மாணிக்கராஜுக்கு ஏதாவது பொறுப்புக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பந்தியில் சாம்பார் வாளியைக் கொடுங்கள், தண்டால் எடுத்த கைக்கு அது பொருத்தம். அறையிலிருந்து மணவறை வரை அவளைத் தூக்கி வருவது நான், நான் ஒருவனே. இதில் மாற்றமில்லை.

தங்கைக்கு என் அன்பு. ஷைலஜாவுக்கு மாமனின் ஆயிரம் ஆசீர்வாதம், கூடவே கல்யாணம் வரை மைசூர்பாகைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும். சம்பந்தி வீட்டாருக்கு என் பணிவான வணக்கம். தங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் எந்நாளும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

என்றும் தங்கள் மைத்துனன்
அ. பக்தவச்சலம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள், பத்திரிகை கொடுக்க ஷைலஜாவே பகல் ரயிலில் வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து அவளை அழைத்துவந்தவன் மாணிக்கராஜ். அவன் நடை ஒரு மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், தாங்கள் கேட்டதிலிருந்து அவனும் சிமெண்ட் மூட்டையை வைத்து ஒத்திகை பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில், "இப்பப் பாருடா" என்று அவன் எதிரிலேயே ஷைலஜாவைத் தூக்கினேன். தூக்கியும்விட்டேன். ஆனால் அவளுக்குக் கூச்சம் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவள் நெளிந்து சிரிக்க, நழுவுகிறாளே என்று நான் இறுக்கிப் பிடிக்க, பழைய இடத்தில் சுரீர். கட்டிலில் போட்டுவிட்டேன். பெண்ணுக்கு ஒன்றுமில்லை, கட்டிலுக்கு ஒரு கால் போயிற்று. சுமா கேட்டால் ஆவணிக்குள் முடியாது என்றுதான் சொல்வாள், எனக்கே தெரிகிறது. நாங்கள் இரண்டு தாய்மாமன்களும், நான் முழங்கையையும் அவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேலம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "தள்ளுங்க" என்றாள். என் கைக்குக் கட்டுப் போட்டிருந்த காலமெல்லாம் டேங்கர் தண்ணீரை இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாகக் கொண்டுவந்தவள் இவள்தான். ஷைலஜாவைக் குழந்தையை எடுப்பது போல் எடுத்தாள். மூச்சு இழுக்கவில்லை. தெருக்கோடி வரை போய், வழியில் கங்கம்மாவிடம் நின்று பருப்பு விலை பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். இறங்கும்போது ஷைலஜா அவள் கழுத்தை விடவே இல்லை. "அத்தை தூக்கினாத்தான் வருவேன், இல்லாட்டி நடந்தே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் மேலே எழுதியவற்றை அடித்துவிட்டு, புரோகிதரிடம் பேசி வைக்கவும். தாய்மாமனுக்குக் கட்டும் பரிவட்டத்தை யாருக்குக் கட்டுவது என்று நான் கேட்டேன். "நீங்களே கட்டிக்கினு முன்னாடி நடங்க, வழி வுடுங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல" என்றாள் வேலம்மாள். அதற்கு முழங்கை தேவையில்லை மாப்பிள்ளை. தொண்டை பிரமாதமாக இருக்கிறது.